அத்தியாயம் 14: கடிக்கத் தகுந்த பலகை

போன வாரம் சாப்பாட்டு மேசையில் கரண்டியை டொக்கென்று வைத்து, "இந்த வீட்ல ஒண்ணு அந்த எலிங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொன்ன அம்மாள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். எலிகள் இன்று மாலை ஐந்து மணிக்கு வருகின்றன.

அவை எலிகள் அல்ல, சின்சில்லாக்கள். மலையுச்சிக் குளிரில் பிறந்த சாதி. முயல் காது, அணில் வால், நடுவில் ஒரு பிடி சாம்பல் நிறப் புகை. இதை மருமகள் மாமியாருக்குப் படம் போட்டே காட்டிவிட்டாள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, நல்ல எலி என்றார்.

கப்பலில் சமையல்காரனாக இருக்கும் மகன் தொலைபேசியில் இரு தரப்பையும் கேட்டான். அம்மா சொல்வதும் சரி, அவள் சொல்வதும் சரி என்று தீர்ப்பு வழங்கினான். உடனே சிக்னல் போய்விட்டது. நடுக்கடலில் இருப்பதில் அவனுக்குள்ள சௌகரியங்களில் இதுவும் ஒன்று.

மிச்சம் இருந்தவர் மாமனார். தச்சர். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய ரசமட்டம், மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி, வைத்திருப்பார். உட்காரும் இடத்தில் முதலில் அதைத்தான் வைப்பார். குமிழி நடுவில் நின்றால்தான் அவர் உட்காருவார். குடலிறக்க அறுவைக்குப் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு, தலைமாட்டுக் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்த பிறகுதான் மயக்க மருந்துக்குச் சம்மதித்தார்.

அந்த ரசமட்டம் இன்று காலை ஆறு மணிக்கு ஒரு காரியம் செய்திருந்தார். அதைப் பற்றி அவருக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

*

கூண்டு சின்ன அறையில் நின்றது. அறை முழுவதும் மருமகளின் வேலை. அவள் ஏசி மெக்கானிக். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு வெயிலை வெளியே நிறுத்தியிருந்தாள். வெப்பமானி இரண்டு, ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க. இருபதைத் தாண்டினால் அவள் கைபேசி அலறும். இருபத்தைந்தைத் தாண்டினால் அந்தப் பிராணிகளின் உயிருக்கே ஆபத்தாம். அவ்வளவு கம்பளியைக் கழற்ற வழியில்லாமல் போர்த்திக்கொண்டு பிறந்தவை.

போன வாரம் அவள் ஏசியை மாட்டிவிட்டு வெளியே போனதும் ரசமட்டம் ஸ்டூல் போட்டு ஏறி, அதன் தலையில் தன் கருவியை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரமாக ஒதுங்கியது. மனிதருக்கு உள்ளூர ஒரு குளுமை. ஸ்டூலில் நின்றபடியே அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தன் பையிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்தாள். அவருடையதை விடச் சின்னது, தேய்ந்தது.

"வேணும்னுதான் மாமா. குழாய்ப் பக்கம் ஒரு நூல் சாஞ்சிருக்கணும். இல்லன்னா தண்ணி ரூமுக்குள்ள சொட்டும்."

வேண்டுமென்றே சாய்த்து, சரியாகச் சாய்த்த ஒரு பொருளை அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் பார்த்தார். ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவள் பையிலும் ஒன்று இருக்கிறது என்பதை அன்று முழுவதும் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் மனைவிதான். மனைவியிடம் மருமகளைப் புகழ்வதென்றால் அதற்குத் தனியாகத் தெம்பு வேண்டும்.

கூண்டின் உடம்பு எவர்சில்வர். மருந்துக் கிடங்கின் குளிர் அறையிலிருந்து கழித்துப்போட்ட அடுக்குகளை வாங்கிவந்து நிமிர்த்தி, கம்பித் தட்டுகளைச் சுவர்களாக்கி, அவளே முடுக்கியது. பெயிண்ட் கிடையாது, துரு கிடையாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாது. ஆள் உயரம். கதவு மட்டும் இரண்டு கையும் தாராளமாக உள்ளே போகும் அகலம், பயந்த பிராணியைப் பிடித்து இழுக்காமல் அள்ளி எடுக்க. அடியில் கம்பி கிடையாது, கெட்டியான தட்டு. கம்பியில் நின்றே வாழ்ந்தால் பாதம் புண்ணாகிவிடுமாம். ஒரு மூலையில் பளிங்குத் துண்டு ஒன்று, உடம்பு சூடானால் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ள.

உள்ளே குதித்து ஏற மரத் தட்டுகள் வேண்டும். அதுதான் ரசமட்டத்தின் பங்கு. ஏழு தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வீடு. பெட்டிக்கு இரண்டு வாசல், ஒருவர் நுழைந்தால் மற்றவர் சண்டை போடாமல் வெளியேற. தட்டுக்குத் தட்டு ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. தவறினாலும் ஒரு முழம்தான் விழவேண்டும். இதெல்லாம் அவள் கணக்கு. அவர் அப்படியே செய்து கொடுத்திருந்தார். நேற்று மாலை எல்லாம் மாட்டியாகிவிட்டது.

பச்சை மரமாகவே இருக்கட்டும் மாமா, மேல ஒண்ணும் பூச வேணாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் காலையில் காபி டம்ளரோடு போய் நின்று பார்த்தபோது தட்டுகள் வெறும் உடம்போடு நிற்பதுபோல் தோன்றியது. இன்று கூண்டைப் பார்க்கப் பிராணி டாக்டர் வருகிறார். வெளியாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பட்டறையிலிருந்து ஒரு மொட்டை மரமும் வெளியே போனதில்லை. விறகுக்குப் போகும் துண்டையே ஒருமுறை தேய்த்துத்தான் கொடுப்பார். டம்ளரைக் கீழே வைத்தார். அவர் வைத்தாரா, கை வைத்ததா என்பது விசாரணைக்குரியது. ஏழு மணிக்கு எல்லாத் தட்டும் ஒரு கோட் வார்னிஷில் தேன்போல் மின்னின.

*

ஏழரைக்கு மருமகள் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்றாள். மூக்கு சுருங்கியது. உள்ளே போய் ஒரு தட்டின்மேல் விரல் வைத்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

ரசமட்டம் பாராட்டுக்காகப் பின்னால் நின்றார்.

"ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றாள். பிறகு ஸ்பானரை எடுத்தாள். "எல்லாத்தையும் கழட்டணும்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்குப் போட்டிருப்பார். போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டே காரணத்தைச் சொன்னாள். அதுங்களுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளந்துட்டே இருக்கும். கடிச்சுக் கடிச்சுத்தான் தேய்க்கும். நிக்கிற தட்டு, தூங்குற வீடு, எல்லாமே அதுங்களுக்குச் சாப்பாடு. அதனால்தான் உள்ளே பிளாஸ்டிக் ஒன்றுகூட வைக்கவில்லை. தண்ணீர் பாட்டில்கூடக் கண்ணாடி.

தேய்த்து எடுத்துவிடலாம் என்றார் அவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. புது பைனில் முதல் கோட் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது இந்த ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்?

மரக்கடைக்கு ஓடலாம் என்றால் இன்று அதற்கு வார விடுமுறை.

விஷயம் இதுதான். வரப்போகும் சின்சில்லாக்கள் இரண்டும் ஒரு பியானோ வாத்தியாருடையவை. ஒன்பது வருஷமாக ஒரே கூட்டில் வளரும் அண்ணன் தம்பி. வாத்தியார் அவற்றைப் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு வயதாகிவிட்டது, நாளைக் காலை மகள் வீட்டோடு போகிறார். மகள் வீட்டில் மூன்று பூனைகள். டாக்டரம்மா இன்று மாலை வந்து கூண்டைப் பார்ப்பார். சரி என்றால் இரண்டும் இங்கே. சரியில்லை என்றால் வேறு இருவர் காத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று போதும் என்று. அப்படிப் பிரித்தால் அதுகள் தீனியைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்துவிடும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்.

மருமகளுக்கு வாத்தியார் வீட்டின்மேல் தனிப் பாசம். அவள் தொழிலுக்கு வந்த புதிதில், பையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டு மணியை அடித்தாலும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, ஆம்பிளை யாரும் வரலையா என்பார்கள். வாத்தியார் ஒருவர்தான் காபியா டீயா என்று கேட்டார். அன்று அவள் ஏசியைக் கழற்றி மாட்டும் வரை பெரியவரும் சின்னவரும் கூண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்களாம்.

எட்டாவது போல்ட்டில் அவள் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி குளிர் அறையில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. உள்ளே குழந்தைகளுக்குப் போடும் ஊசி மருந்து. அவள் இரண்டே வார்த்தை பேசிவிட்டுப் பையை மாட்டினாள்.

"நாலு மணிக்குள்ள வந்துடுவேன் மாமா. அதுக்குள்ள ஒண்ணும் முடியலன்னா பரவால்ல. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பட்டறை வழியாகத்தான் தெருவுக்குப் போகவேண்டும். பட்டறைக் கதவுக்குப் பின்னால் பழைய போர்வையில் சுற்றிய ஒரு கட்டு சாய்ந்து நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவள் எடுத்துக்கொண்ட சிரமம் ரசமட்டத்துக்குத் தெரிந்தது.

*

அந்தப் போர்வைக்குள் பத்துப் பலகை இருந்தது. சூளையில் உலர்த்திய பைன். கணு இல்லை, பிசின் இல்லை, ஒரு கீறல் இல்லை. மகன் கல்யாணத்துக்கு மறுவாரம் கிடங்கில் அரைநாள் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பொறுக்கியவை. தொட்டில் செய்ய.

இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி மட்டும் வாரம் ஒருமுறை போர்வையை உதறித் தூசி தட்டுவார். மருமகள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தட்டுவார். தட்டும் சத்தம் கூடத்துக்கு நன்றாகக் கேட்கும்.

ரசமட்டம் வீட்டுக்குள் போனார். மனைவி தையல் மெஷினில் இருந்தார். எலிகளை எதிர்த்துக் கரண்டி வைத்தவர்தான். ஆனால் மருமகள் தட்டுகளுக்கு உறை தைக்கக் கம்பளித் துணியோடு கடைக்காரனிடம் போகப் பார்த்தபோது, கடைக்காரன் தையல் ஒரு தையலா என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். நூல் பிசிறு கால்விரலில் சுற்றினால் விரலே போய்விடும் என்று மருமகள் சொன்னதிலிருந்து எல்லா ஓரத்தையும் உள்ளே மடித்து இரண்டு ஓட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பு எதிர்ப்பாக இருந்தது, தையல் தையலாக இருந்தது.

"கதவுக்குப் பின்னாடி இருக்கிறத எடுக்கப் போறேன்" என்றார் அவர்.

மெஷின் நின்றது.

"அது எதுக்கு வச்சதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எலிக்கு அறுக்கப் போறீங்க."

அவர் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து மெஷின் மேசையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அவருக்குப் பேச வராதபோது இப்படி எதையாவது அளப்பார்.

"ரெண்டு வருஷமா அவ தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறா. என்ன மாமா இதுன்னு ஒருநாள் கேட்டாளா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

மனைவி மெஷின் ஊசியில் கோத்த நூலை வெட்டினார். எழுந்தார். சண்டைக்குத்தான் எழுகிறார் என்று ரசமட்டம் அரை அடி பின்வாங்கினார். மனைவி நேராகப் பட்டறைக்குப் போய்க் கதவை இழுத்துவிட்டு, கட்டின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, போர்வையை உருவினார். உதறினார். வழக்கமான உதறல்தான், ஆனால் இன்று சத்தம் குறைவாக இருந்தது.

"நல்ல மரம்" என்றார் பலகையைத் தடவி. பிறகு, கல்யாணமாகி முப்பத்தேழு வருஷமாக ஓர் அலமாரிக்குக் கதவு கேட்டுக்கொண்டிருக்கும் தன் வழக்கையும் அந்த இடத்திலேயே நினைவூட்டி வைத்தார். தச்சன் வீட்டில் அலமாரிக்குத் திரைச்சீலைதான் தொங்கியது. அது உண்மை.

*

மணி பதினொன்று. ரசமட்டம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பலகையை மேடையில் கிடத்தி, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். முதல் அறுப்புக்கு முன் ரம்பம் ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மற்ற எட்டுப் பலகைக்கும் நிற்கவில்லை.

அவர் வேலை செய்வதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். உளி போகும் இடத்துக்கு மரம் தானே ஒதுங்கிக்கொடுப்பதுபோல் இருக்கும். பசை கூடாது, ஆணி கூடாது. பெட்டி வீட்டை நாக்கும் பள்ளமுமாகக் கோத்து, ஒரு தட்டுத் தட்டினார். இறுகிக்கொண்டது. தட்டுகளின் போல்ட் தலை எல்லாம் கூண்டுக்கு வெளியே வரும்படி, உள்ளே பல்லுக்கு மரம் மட்டுமே அகப்படும்படி வைத்தார். மூலைகளை உருட்டினார். இழைப்புளியில் சுருண்டு விழுந்த சீவல்களை மனைவி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். சுத்தமான சூளை மரம், தட்டின் அடியில் மெத்தையாகப் பரப்ப ஆகும் என்று அவரே கண்டுபிடித்தார். தூளை மட்டும் புடைத்துப் புடைத்து வெளியே தள்ளினார், தும்மல் வரக்கூடாதாம். யாருக்கு என்று கேட்க ரசமட்டத்துக்கு ஆசையாக இருந்தது. உளி கையில் இருக்கும்போது வம்பு வளர்ப்பதில்லை என்று விட்டுவிட்டார்.

இரண்டு மணிக்கு மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தபோது அவர் மண்டியிட்டு ஒரு தட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி செம்பைக் கீழே வைத்தார். நல்லா மென்னு முழுங்குங்க என்றார்.

அவர் கடித்துப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் மரத்தைக் கண்ணாலும் கையாலும் பார்த்த மனிதர், அதில் வாய் வைக்கப்போகிறவர்களுக்காக முதல்முறை செய்கிறார். சிலாம்பு நாக்கில் குத்துகிறதா என்று பார்க்கவேண்டாமா? குத்தியது. மறுபடி தேய்த்தார். மறுபடி கடித்தார். மூன்றாவது கடிக்குத்தான் மரம் தேறியது.

மூன்றரைக்கு ஏழு தட்டும் வீடும் தயார். அடுக்கி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். மொட்டை மரம். வெண்ணெய் நிறம். அவர் கை தன் பாட்டுக்கு அலமாரியில் இருந்த வார்னிஷ் டப்பாவை நோக்கிப் போனது.

"கையை எடுங்க" என்றார் மனைவி. அவர் கையில் துணி வெட்டும் கத்தரி இருந்தது.

கை திரும்பி வந்தது.

*

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மருமகள் வந்தாள். கன்னத்தில் கம்ப்ரஸர் எண்ணெய். ஊசி மருந்துகள் பிழைத்துவிட்டன. டாக்டருக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள் என்பது முகத்தில் தெரிந்தது. பட்டறைக்குள் இரண்டு எட்டு வைத்தாள். போர்வை மடித்து ஸ்டூலின்மேல் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒற்றைப் பலகை.

நின்றாள்.

பிறகு சின்ன அறைக்குப் போனாள். ரசமட்டமும் அவர் மனைவியும் கூண்டுக்குள் ஆளுக்கு ஒரு கையை விட்டுக் கடைசி உறையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தட்டாகத் தடவினாள். முதல் தட்டின் ஓரத்தில் ஒரு பல்வரிசை பதிந்திருந்தது. குனிந்து பார்த்தாள்.

"உங்க மாமாவோடதுதான்" என்றார் மாமியார்.

மருமகள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். எண்ணெய் இன்னும் கொஞ்சம் பரவியது. மட்டம் பார்த்துவிட்டீர்களா என்று மாமனாரைக் கேட்டாள். பார்த்தேன் என்றார் அவர். தட்டு ஏழும் சரி, வீட்டுத் தரைதான் கோணல், எவனோ அவசரத்தில் கட்டியிருக்கிறான். கூண்டின் ஒரு காலுக்கு அட்டை வைத்திருக்கிறேன் என்றார்.

ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது டாக்டரம்மா வந்தார். குட்டையான பெண்மணி. பேச்சில் பாதி "ம்" என்பதுதான். பின்னால் பியானோ வாத்தியார், துணி போர்த்திய ஒரு கூடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு.

டாக்டரம்மா வெப்பமானிகளைப் பார்த்தார். பத்தொன்பது, பத்தொன்பது. ம். கம்பிக்கு நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. ம். அடித்தட்டை அழுத்தினார், சீவலை ஒரு பிடி அள்ளி உதறிப் பார்த்தார், தூசி எழவில்லை. மாமியார் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தலையை மட்டும் சற்று நிமிர்த்தினார்.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மருமகள் மெயினை அணைத்தாள். ஏசி நின்றது, திரை போட்ட அறை இருண்டது. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி மட்டும் சுழல ஆரம்பித்தது. ஃப்ரீஸரிலிருந்து உறைந்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டை எடுத்து, துணியில் சுற்றி, கூண்டுக்கு வெளியே விசிறிக்கு எதிரே வைத்தாள். நாலு மணி நேரம் இருபத்திரண்டைத் தாண்டாது, மூன்று மத்தியானம் சோதித்துவிட்டேன் என்றாள்.

ரசமட்டம் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மத்தியானம். இவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த மூன்று மத்தியானம். ஒரு வேலையை இப்படிச் செய்யும் இன்னோர் ஆளை அவர் தன் வாழ்க்கையில் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறார், சவரம் செய்யும்போது கண்ணாடியில். இப்போது எண்ணிக்கை இரண்டு.

மெயினைப் போட்டார்கள். டாக்டரம்மா கூண்டுக்குள் தலையை விட்டு முகர்ந்தார். தலையை எடுத்தார்.

"வார்னிஷ் வாசம் வருதே."

கூடையை வைத்திருந்த வாத்தியாரின் விரல்கள் இறுகின. மருமகள் வாயைத் திறந்தாள். அவள் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று ரசமட்டத்துக்குப் புரிந்துவிட்டது. காலையிலேயே சொன்னாளே, நானே சொல்லிக்கிறேன் என்று.

"நான்தான்" என்றார் முந்திக்கொண்டு. "காலையில அடிச்சேன். அவ பூச வேணாம்னு சொல்லியும் அடிச்சேன். எல்லாத்தையும் கழட்டியாச்சு. இது வேற மரம்."

டாக்டரம்மா மறுபடி குனிந்தார். ஒரு தட்டை முகர்ந்தார். பெட்டி வீட்டை முகர்ந்தார். துணியை முகர்ந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ரசமட்டத்தின் பக்கத்தில் வந்து, அவர் சட்டையருகே மூக்கை நீட்டினார்.

"வாசம் உங்ககிட்டருந்து வருது."

"முப்பத்தேழு வருஷமா வருது" என்றார் மனைவி.

டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். சோப்புப் போட்டுக் குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் இவர் பிராணிகளைத் தொடவேண்டும் என்றார். கழற்றிய தட்டுகளைக் காட்டச் சொன்னார். முற்றத்தில் அவை வெயில் பட்டு வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. இவ்வளவு அழகான வேலையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அலமாரிக் கதவுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார் மனைவி, கணவரைப் பார்க்காமல்.

"ம்" என்றார் டாக்டரம்மா. வாத்தியாரைப் பார்த்துத் தலையாட்டினார்.

*

வாத்தியார் கூடையின் வாயைக் கூண்டுக் கதவோடு ஒட்டிவைத்துத் துணியை விலக்கினார்.

முதலில் மீசை வந்தது. பிறகு பெரியவர். சீவலில் நாலு அடி நடந்து, உட்கார்ந்து, இந்த வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்தவர்போல் எல்லோரையும் பார்த்தார். சின்னவர் கூடையின் விளிம்பிலேயே நின்றார். பெரியவர் திடீரென்று முதல் தட்டுக்குத் தாவினார். அங்கிருந்து இரண்டாவது. கம்பியை ஓர் உதை உதைத்து மூன்றாவது. ஒவ்வொரு முழமும் அவர் காலுக்கென்றே அளந்ததுபோல் இருந்தது. அளந்ததுதானே. உச்சித் தட்டில் நின்று உள்ளடங்கிய குரலில் ஏதோ குருகுருத்தார். உடனே கீழே இருந்தவரும் கிளம்பிவிட்டார்.

இருவரும் உச்சியில் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். பிறகு பெரியவர் குனிந்து தட்டின் ஓரத்தைக் கடித்தார். நறுக்.

ரசமட்டம் செய்த பொருட்களை ஊரில் எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள், தடவியிருக்கிறார்கள், அவற்றின்மேல் காபி கொட்டியிருக்கிறார்கள். இவ்வளவு மனப்பூர்வமாக ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை.

"நல்லாக் கடிக்குதே" என்று மனைவி கிட்டப் போனார். எலி என்ற சொல் அவர் வாய் வரை வந்ததும், உள்ளே திரும்பிப் போனதும் ரசமட்டத்துக்குத் தெரிந்தது.

வாத்தியார் பையிலிருந்து ஒரு கனமான மண் கிண்ணத்தை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். மணல் குளியலுக்கு. தண்ணீரில் நனையக்கூடாத ரோமம், நைசான தூளில் புரண்டுதான் அதுகள் குளிக்கும். வாரம் மூன்று நாள், பத்து நிமிஷம், முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிடவேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். முழுவதையும் சொல்லி முடித்தார், அவளும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"சேர்த்தே வச்சுட்டீங்க" என்றார் கடைசியில். பெரியவரையும் சின்னவரையும் இன்னொரு முறை பார்க்காமல் நடந்து போனார். வாசலில் மட்டும் ஒரு கணம் நின்றார். உள்ளே உச்சித் தட்டில் நறுக், நறுக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

*

ரசமட்டம் உத்தரவுப்படி குளித்து, சட்டை மாற்றி, பட்டறையைப் பெருக்க வந்தார். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. மனைவி முற்றத்தில் வார்னிஷ் தட்டுகளைத் தன் அலமாரியின் அளவுக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் இருந்த போர்வையின் மடிப்பைச் சும்மா நீவினாள். நன்றி என்று ஏதாவது சொல்லி வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பதில் சொல்லப் பழக்கமில்லை.

"மொத்தம் பத்துப் பலகைல்ல மாமா?"

எண்ணியிருக்கிறாள். இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்காதவள் எண்ணி வைத்திருக்கிறாள்.

"பத்துதான். ஒம்பது ஆச்சு."

"அந்த ஒண்ணை வெட்டிடாதீங்க."

சொல்லிவிட்டு அவள் வெப்பமானியைப் பார்க்கப் போய்விட்டாள். முற்றத்தில் அளவெடுக்கும் சத்தம் நின்றிருந்தது.

மனைவி வாசலில் வந்து நின்றார். கையில் அளவு நாடா. கண்ணால் ஒரு கேள்வி கேட்டார். தெரியாது என்று அவர் தோளைக் குலுக்கினார். கூண்டுக்கு எட்டாவது தட்டு ஒன்று வேண்டியிருக்கலாம். போன விடுமுறையில் மகன் வந்துபோய் இரண்டு மாதமும் ஆகிறது. மனைவியின் உதடு அசைந்தது. வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார். ஆச்சரியம், அந்த அம்மாள் கேட்கவில்லை.

"ஒத்தப் பலகையில என்னங்க வரும்?" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மரக்கடை நாளைக்குத் திறந்திருக்கும்" என்றார் ரசமட்டம்.

போர்வையைப் பிரித்து அந்தப் பலகையை வைத்துச் சுற்றினார். கதவுக்குப் பின்னால் வைக்கவில்லை. மேடைக்கு மேலே, தாண்டிப் போகிறவர் காலில் தட்டாத இடத்தில், உயரமாகக் கிடத்தினார். மட்டம் பார்த்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல் மறுபடி இறக்கி, போர்வையை ஓர் ஓரம் விலக்கி, காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகையின் முனையில் இரண்டு வார்த்தை எழுதினார். தன் கையை நம்ப முடியாத ஒருவர் தனக்கே எழுதிக்கொள்ளும் எழுத்து, பெரிதாக இருந்தது.

வார்னிஷ் கூடாது.

யாருக்காக இருந்தாலும், வருகிறவர் முதல் காரியமாகக் கடித்துத்தான் பார்ப்பார்.